ரோஸிலியின் அளவு

வாடகை என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. என் கணவர் ராப்பாயின் குடும்பம் திருச்சூரில் கூரை ஓட்டு வியாபாரத்தில் தொடங்கி டைல்ஸ் வரைக்கும் வந்த குடும்பம். கடைகளை வாடகைக்கு விடுவார்களே தவிர, ஒரு சைக்கிளைக்கூட வாடகைக்கு எடுத்தது கிடையாது. வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி தேவைப்பட்டபோது நாற்காலிகளையே விலைக்கு வாங்கிப் போட்டு, பிறகு ஊருக்கெல்லாம் அவற்றை வாடகைக்கு விட்டவர் ராப்பாயின் அப்பன். கல்லறைத் தோட்டத்திலும் இதே கதைதான். எங்கள் சர்ச்சில் சாதாரணக் குழியில் படுத்தவர்களைச் சில வருஷம் கழித்து எலும்பாக எடுத்து, அதற்கென்றே தோண்டிய கிணற்றில் போட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். ராப்பாய் வீட்டாருக்குச் சொந்தக் கல்லறை. அங்கே படுத்தவர்களை யாரும் எழுப்ப முடியாது.

அதனால்தான், கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் பிளேயர் இனிமேல் மாதச் சந்தாவுக்கு மாறுகிறது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தபோது, இந்த மனுஷன் வீட்டை இரண்டாக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆயுசுக்கும் சொந்தம் என்று சொல்லித்தான் அதை அவருக்கு விற்றிருந்தார்கள். செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கட்டிடலாம்" என்றார். வாங்கிய மத்தி மீனில் ஒன்று குறைந்தால் மீன்காரனைத் தேடிக்கொண்டு தெருமுனை வரை போகிற ஆள் அவர். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது.

நான் ஜெசிந்தா, ராப்பாயின் இரண்டாம் மனைவி. பாதி ஆயுளைக் குவைத் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகக் கழித்தவள். கூடப்பிறந்தவர்களைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஐம்பது தாண்டியிருந்தது. சாலக்குடியில் தங்கை மரியட் வீட்டுப் பக்கத்தில் ஒதுங்கிவிடலாம் என்று இருந்தேன். ராப்பாயின் அக்கா பெண் கேட்டு வந்தார். முதல் மனைவி ரோஸிலி இறந்து நாலு வருஷம், பிள்ளைகள் இல்லை, தம்பிக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால் நல்லது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த வெளிப்படை எனக்குப் பிடித்திருந்தது. காதல் கத்தரிக்காய் என்று எதையும் எதிர்பார்த்து நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எதிர்பார்க்காமல் போன இடத்தில் கிடைத்ததுதான் என்னைக் கெடுத்துவிட்டது.

மாடியில் பாட்டு அறை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு கம்ப்யூட்டர், எதிரே இரண்டு பேர் உட்காரும் சோஃபா. மாலை ஜெபமாலை முடிந்ததும் ராப்பாய் மேலே போய்விடுவார். கல்யாணமான புதிதிலேயே என்னையும் கூப்பிட்டார். நான் வலது பக்கம் உட்காரப் போனேன். அங்கே வேண்டாம் என்று சொல்லி இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஆண்பிள்ளைகளுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும், உட்கார்ந்தேன். பாடுகிறவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, காற்றில், ஒரு ஆள் நிற்கிற மாதிரி நின்று பாடினாள். அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் ராப்பாயின் முகம் என்னவோ சரியில்லை. கல் கடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அப்புறம் முதுகுக்கு ஒன்று. பிறகு இடது கைக்கு அண்டக்கொடுக்க ஒன்று. கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கம்பளியை எடுத்துவந்து தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். சித்திரை மாதப் புழுக்கத்தில் பெண்டாட்டிக்குக் கம்பளி போர்த்துகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேருடைய தலைக்கும் முதுகுக்கும் தலையணை வைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. எனக்கு ஒருவர் வைத்தது அதுதான் முதல் தடவை. வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துவார். பிறகு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேர்வை ஊற்ற ஊற்ற, அந்தச் சிரிப்புக்காக நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மரியட்டிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டேன். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாயே, குளிரும் என்று நினைத்திருப்பார் என்று அவள் கேலி செய்தாள். அவள் சொன்னதும் உண்மைதான். நான் ஒல்லி. கீழே ஹாலில் சின்ன விளக்குக்குக் கீழே மாட்டியிருக்கும் ரோஸிலியின் படத்தில் அவளுடைய தோள்கள் சட்டத்துக்குள் அடங்கவில்லை. நல்ல அகலமான, சிரித்த முகம். எனக்கு அவள்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. இறந்தவர்களோடு போட்டி போடுவது எவ்வளவு வீண் என்று என் தொழிலில் நிறையப் பார்த்தவள் நான்.

அவள் இறந்துதான் போனாளா என்கிற சந்தேகம் ஒரு காலையில் வந்தது. ராப்பாய் கடைக்குப் போயிருந்தார். மேலே தூசி தட்டிவிட்டு, ஆசைக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டேன். ஆள் இல்லைதானே என்று அவருடைய வலது பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்தேன். நடுவில் நிற்க வேண்டிய குரல் நடுவில் இல்லை. அது இடது பக்கத்திலிருந்து வந்தது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலிருந்து. ஒருத்தி என்னோடு தோள் உரசி உட்கார்ந்து எனக்கு மட்டும் பாடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சோஃபாவின் துணிதான் இருந்தது.

எழுந்து இடது பக்கம் மாறி உட்கார்ந்தேன். குரல் நடுவுக்குப் போய்விட்டது. வலது பக்கம் வந்தேன். மறுபடியும் அவள் பக்கத்தில். பாட்டை மாற்றினேன். ஆண் குரல், வயலின், தபலா எதைப் போட்டாலும் அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்தது. பிணங்களைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, துணி சுற்றி அனுப்பியவள் நான். அவர்கள் யாரும் என்னை ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன். அதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.

ராப்பாயிடம் சொல்லவில்லை. இரண்டாம் தாரமாக வந்தவள் முதல் தாரத்தின் பேயைப் பார்த்தேன் என்று சொன்னால், யாருக்குப் பைத்தியம் என்று ஊர் முடிவுகட்டும் என்பது எனக்குத் தெரியும். வீட்டை மந்திரிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி எங்கள் சர்ச் பாதிரியாரான அச்சனை வரவழைத்தேன். அச்சன் மாடிக்கு வந்து தீர்த்தம் தெளித்தார். ராப்பாய் குளியல் துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர்மேல் ஒரு சொட்டு விழாமல் கூடவே நடந்தார். பிசாசுக்காகத் தெளிப்பதா, துண்டுக்காகத் தெளிப்பதா என்று அச்சன் கேட்டுச் சிரித்தார். மறுநாள் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவள் அங்கேயே இருந்தாள்.

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. மனுஷர்களுக்கு எதுவும் பழகிவிடும். ராப்பாய் கடைக்குப் போன பிறகு மேலே போவேன், வலது பக்கம் உட்காருவேன், அவள் இடது பக்கம் இருப்பாள். ஒரு நாள் என்னையறியாமல், "ரோஸிலி சேச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சந்தாச் செய்தி வந்தது. மாதக் கடைசிக்குள் சந்தா கட்டாவிட்டால் பழைய பிளேயர் திறக்காது, அதில் சேர்த்துவைத்த அமைப்புகளும் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லோனப்பன் வந்தான். ராப்பாயைவிடச் சின்னவன், பாட்டுப் பித்தில் அவருக்குச் சீடன், கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குக் குரு. ராப்பாயேட்டனின் மனைவி என்பதால் என்னைச் சேடத்தி என்று கூப்பிடுவான். வீட்டைக் கட்டி விற்றுவிட்டு இப்போது கதவைத் திறக்க மாசா மாசம் காசு கேட்கிறான்கள் என்று அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தான். ஒரே தரம் பணம் கட்டினால் போதும் என்று இன்னும் சில பிளேயர்கள் இருப்பதாகச் சொன்னான். நான் ஒவ்வொன்றாக இறக்கி ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பொடி எழுத்து, கண் வலித்தது. ஒன்று மலையாளப் பாட்டின் பெயரையெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டியது. மூன்றாவது பிடித்திருந்தது. பெரிய எழுத்து, ஒழுங்கான படங்கள், ஒரே தடவை விலை. இதை வாங்கலாம் என்று ராப்பாயிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பழையதுக்கே கட்டிவிடலாம் என்று மறுபடி சொன்னார்.

அவர் மதியத் தூக்கம் போட்ட நேரம் பார்த்து, கீழே அடுக்களை மேசையில் லோனப்பனுக்கு டீயும் அச்சப்பமும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். உங்கள் ராப்பாயேட்டனுக்கு என்ன ஆச்சு, வாடகை கட்டுகிறேன் என்று தானாகச் சொல்கிறாரே என்று கேட்டேன். அவன் அச்சப்பத்தைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அறையை அளந்து வெச்சது அதுக்குள்ளதானே இருக்கு சேடத்தி. அதை வேற பிளேயருக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. புதுசா அளக்கணும்."

"அளந்துட்டாப் போச்சு. அதுக்கென்ன?"

"அளக்கலாம். ஆனா ரோஸிலி சேடத்தி இல்லையே."

அவன் விளக்கினான். ஒவ்வொரு அறையும் சத்தத்தை அதன் இஷ்டத்துக்குக் கெடுக்கும். சுவர் திருப்பி அடிக்கும், மெத்தை விழுங்கும், மூலையில் போய்த் தேங்கும். அதனால் காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து, அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல் வரை ஒரு ஊளைச் சத்தத்தை ஓடவிட்டு அளப்பார்கள். அறை செய்கிற தப்புக்கு எதிர்த் தப்பைப் பிளேயர் செய்து இரண்டையும் சமன் செய்துவிடும். அளக்கும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். ராப்பாயேட்டன் கேட்கவில்லை. ரோஸிலி எப்போதும் இங்கேதானே உட்காருவாள், அவளோடு சேர்த்தே அள என்று பிடிவாதம் பிடித்தார். அவளும் சிரித்துக்கொண்டே இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அப்படி அவளுடைய உடம்பும் அந்த அறையின் சுவர் ஜன்னல் மாதிரி கணக்கில் சேர்ந்துவிட்டது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகக் கேட்கும். இடம் காலியாக இருந்தால், இடது சுவரில் பட்டு வருவதை விழுங்க ஆள் இல்லை, குரல் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

"முதல்ல நீங்க அங்க உக்காந்தப்போகூடச் சரியா வரல" என்றான் லோனப்பன். "ஜெசி ரொம்ப ஒல்லிடா, என்னடா செய்யறதுன்னு கேட்டாரு. ரெண்டு தலையணை வெச்சுப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

பேய் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மந்திரித்தால் போகாத பேயாக இருந்திருந்தால்கூட நான் ஏதாவது செய்திருப்பேன். வேர்க்க வேர்க்க நான் உட்கார்ந்திருந்த மாலைகள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன. தலையைச் சாய்த்து அவர் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. ஒரு பெண்ணை நிறுத்துப் பார்த்து, குறைந்த எடைக்குப் பஞ்சு போட்ட கணக்கு அது. எனக்கு வந்த அவமானத்தில் அடுக்களைச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மாலை மேலே போனேன். தலையணை, கம்பளி எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். ராப்பாய் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். முகம் சுளித்தது. கையை நீட்டித் தலையணையைத் துழாவினார். வேண்டாம் என்றேன்.

"நான் யாரு சேட்டா உங்களுக்கு? பஞ்சு மூட்டையா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். பாட்டை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவர் மாதிரி தரையைப் பார்த்துப் பேசினார். ரோஸிலியை அடக்கம் செய்த மறுவாரம் இங்கே வந்து உட்கார்ந்தாராம். பாட்டுப் போட்டதும் இடது பக்கத்தில் அவள் இருந்தாளாம். ஏன் என்று அவருக்குத் தெரியும், லோனப்பனும் சொல்லியிருந்தான். தெரிந்தும் என்ன, அவள் இருந்தாள். நாலு வருஷமும் தினம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அக்காவின் வற்புறுத்தலில் கல்யாணம் செய்துகொண்டார். என்னைத் தனியாகக் கீழே விட்டுவிட்டு மேலே வருவது பாவம் என்று தோன்றியதால் என்னையும் கூப்பிட்டார்.

"நீ வந்து உக்காந்தப்போ அவ பாதி எந்திரிச்சுட்டா, ஜெசி. பாதி இருக்கா, பாதி இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல. தலையணை வெச்சதும் அவ உயிரோட இருந்தப்போ எப்படியோ அப்படியே ஆயிடுச்சு."

"அப்போ நான் எங்க இருக்கேன்?"

இந்தக் கேள்வி அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"நீ உக்காந்தாத்தானே அவ இருக்கா" என்றார்.

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. ரோஸிலியின் ஆண்டு நினைவுக்குக் கல்லறையில் ஒப்பீஸ் என்கிற இறந்தோர் ஜெபம் சொல்லப் போனபோது அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன். அவள் பெயர், பக்கத்தில் ராப்பாய்க்காக விட்ட வெற்றிடம், அதோடு கல் முடிந்துவிடுகிறது. என்னை எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. செத்த பிறகு எங்கே கிடந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கும்போதாவது உட்கார்ந்த இடம் என்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா. என்னை வைத்து அளந்தால் இருக்கிறேன், இல்லையென்றால் சாலக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

மறுநாள் அவரே லோனப்பனுக்குப் போன் செய்தார். வெட்கமா, தினம் இன்சுலின் போட ஆள் வேண்டும் என்ற பயமா, தெரியாது. நான் விசாரிக்கவில்லை. புதிய பிளேயரை என் குவைத் பணத்தில், என் பெயரில், ஒரே தரமாக வாங்கினேன். பழையதற்கு நான் சந்தா கட்டவில்லை. மாதக் கடைசி வந்தது. ராப்பாய் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பணம் கட்டுகிற சாவி என் கையில் இருந்தது. நோயாளியின் வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு மூச்சு மிஷினை அணைத்த கை இது. அப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டாக்டர் இருப்பார். மறுநாள் காலையில் பழைய பிளேயரைத் திறந்து பார்த்தேன். உங்கள் காலம் முடிந்தது என்று மரியாதையாக எழுதியிருந்தது.

அளக்கிற அன்று போட்டோ எடுக்கப் போகிறவள் மாதிரி தலை வாரி, நல்ல புடவை உடுத்திக்கொண்டேன். லோனப்பன் வலது பக்கத்தில், ராப்பாயின் காது இருக்கிற உயரத்தில், மைக்கை நிறுத்தினான். ஃபேனை அணைத்தான். ராப்பாய் வாசலுக்கு வெளியே நின்றார். எங்கோ தூரத்தில் லாரி உறுமுகிற மாதிரி தொடங்கிய சத்தம், மெல்ல மெல்ல ஏறி, கொசுவாகிக் காதுக்குள் தேய்ந்து போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடலாம் சேடத்தி, செத்துக்கித்து வைக்காதீர்கள் என்றான் லோனப்பன். திரும்பத் திரும்ப அளந்தான். சுவரோடு சுவராக, ஜன்னலோடு ஜன்னலாக நானும் அந்த வீட்டின் கணக்கில் ஏறுகிறேன் என்று எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

பிறகு ராப்பாய் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டையே லோனப்பன் போட்டான். குரல் நேர் நடுவில் வந்து நின்றது. பாடுகிறவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. இவ்வளவு சுத்தமாக நான் அந்த அறையில் கேட்டதே இல்லை. ராப்பாய் கண்ணை மூடியிருந்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அது எனக்கு மட்டும் வர வேண்டிய சிரிப்பு. பாட்டு முடிகிற வரை வரவில்லை. கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். நான் உட்கார்ந்திருந்த இடத்தை, என்னைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"யாரும் இல்லையே" என்றார்.

"நான் இருக்கேன்."

"நீ இருக்கே, சரிதான். சத்தமும் நல்லா இருக்கு. ஆனா யாரும் இல்ல."

லோனப்பன் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு ராப்பாய் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாலையானால் மரியாதைக்கு மேலே வருவார். ஒரு பாட்டு முடிவதற்குள் கீழே இறங்கிவிடுவார். சாப்பாடு குறைந்தது. புட்டும் கடலையும் தட்டில் அப்படியே ஆறும். பகலில் சில சமயம் பாட்டு அறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார், என் காலடி கேட்டதும் நகர்ந்துவிடுவார். எல்லாம் இழந்தவருக்கு மிச்சமிருந்ததையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. மரியட்டுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சேதி வந்தபோது, பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பையைக் கட்டினேன். இன்சுலின் போட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ராப்பாய் பையைத் தானே தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும் வரை வெயிலில் நின்றார்.

சாலக்குடிக்கு எப்போதாவது கூப்பிடுவார். காயப்பொடி எங்கே, கேஸ்காரன் நம்பர் என்ன, இவ்வளவுதான். மரியட் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு சாயங்காலம் அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. குரலைக் கேட்டதும் யாரோ என்று நினைத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு குதூகலமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஜெசி, இன்னிக்கு மேல போனேன். தனியா உக்காந்து பாட்டுப் போட்டேன். இடது பக்கத்துலேருந்து வருது."

"ரோஸிலி சேச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல இல்ல. அவ இன்னும் கீழ, அகலமா இருப்பா. இது ஒல்லியா, முதுகை நேரா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீதான். நீ இங்க இருக்கே, ஜெசி."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மரியட்டின் மகள் வந்து இரண்டு நாள் பார்த்துக்கொள்வாள், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன் என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். மறுபக்கம் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது மெலிதாகக் கேட்டது.

"அவசரமில்ல" என்றார் கடைசியில். "தங்கச்சியை நல்லாப் பாத்துக்க. நீதான் இங்க இருக்கியே."

மரியட் இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறாள், மீன் வாங்கப் போகிறாள். நான் சாலக்குடியில்தான் இருக்கிறேன். எப்போது வருகிறாய் என்று ராப்பாய் இதுவரை ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல், பாட்டு முடிந்ததும் கூப்பிட்டு, இன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று சொல்கிறார். நேற்று ரொம்பத் தெளிவாக இருந்தேனாம்.